கணைய பீட்டா செல்களின் கால்சியம் கால்வாய்கள்

கணைய பீட்டா செல்களின் கால்சியம் கால்வாய்கள் என்பவை, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களின் சவ்வில் பதிந்துள்ள, மின்னழுத்த மாறுதலுக்கு ஏற்பத் திறந்து மூடும் புரதங்கள் ஆகும். இவை திறக்கும்போது செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலே, செல்லினுள் ஏற்கெனவே தயாரித்து வைக்கப்பட்டிருக்கும் இன்சுலின் இரத்தத்தில் கலப்பதற்கான உடனடித் தூண்டல். உணவு உண்டபின் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறது, அதனால் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது என்று பள்ளிப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த ஒரு வரியில் உள்ள 'அதனால்' என்ற சொல்லுக்குள் அடங்கியிருப்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்

கணையம் இரைப்பைக்குப் பின்புறமாக, முன்சிறுகுடலின் வளைவில் தலைப்பகுதி பொருந்தியவாறு அமைந்த சுரப்பி. அதன் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரப்பதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. 1869-ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ், அத்திசுவினிடையே தனித்துத் தெரியும் சிறு செல் கூட்டங்களைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அவற்றின் பணி என்னவென்று அவர் கூறவில்லை. 1893-இல் பிரெஞ்சு அறிஞர் எடுவார் லாகெஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரையே இட்டார். மனிதக் கணையத்தில் இத்தகைய திட்டுகள் ஏறத்தாழ 10 இலட்சம் இருப்பினும், கணைய எடையில் அவற்றின் பங்கு 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே. ஒவ்வொரு திட்டிலும் குளுக்ககானைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள், சொமட்டோஸ்டாட்டினைச் சுரக்கும் டெல்டா செல்கள் ஆகியவை கலந்து காணப்படுகின்றன. மனிதரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை பீட்டா செல்கள்.

ஒரு பீட்டா செல்லைச் சேமிப்புக் கிடங்கு என்றே சொல்லலாம். அதனுள் சவ்வால் சூழப்பட்ட ஏறத்தாழ 10,000 நுண்பைகள் உள்ளன. ஒவ்வொரு நுண்பையிலும் இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாக அயனிகளோடு சேர்ந்து ஆறு ஆறாகப் பிணைந்து, கெட்டியான படிகமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, சாப்பிட்ட பிறகுதான் உடல் இன்சுலினைத் தயாரிக்கத் தொடங்குகிறது என்று எண்ணுவது சரியன்று. ஒரு வேளை உணவுக்குத் தேவைப்படுவது இக்கையிருப்பில் மிகச் சிறிய பகுதியே. புதிய இன்சுலின் உற்பத்தி தனி ஓட்டமாகப் பின்னால் நடந்துகொண்டிருக்கும். கிடங்கின் கதவை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதே செல்லின் முன்னுள்ள கேள்வி.

குளுக்கோஸ் மின்குறிப்பாக மாறுதல்

பெரும்பாலான செல்கள் ஒரு வேதிப்பொருளை அறிய, அதற்கென்று சவ்வின் மேல் ஓர் ஏற்பியை வைத்திருக்கும். பீட்டா செல் குளுக்கோஸை அப்படி முதன்மையாக அறிவதில்லை. அதை எரித்துப் பார்த்தே அறிகிறது. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், கடத்திப் புரதங்கள் வழியாகத் தடையின்றி உள்ளே வருகிறது. எலிகளில் இப்பணியைச் செய்வது பெரும்பாலும் குளூட் 2 என்ற கடத்தி. மனிதரில் குளூட் 1 முதன்மையானது. உள்ளே வந்த குளுக்கோஸின் மீது குளுக்கோகைனேஸ் என்னும் நொதி ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்து, அதை வெளியே போகாதபடி பிடித்து வைக்கிறது.

இந்த நொதியின் இயல்பு கவனிக்கத்தக்கது. மற்றத் திசுக்களில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் மிகக் குறைந்த குளுக்கோஸிலேயே முழு வேகத்தை எட்டிவிடும். குளுக்கோகைனேஸ் அப்படியன்று. குளுக்கோஸின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல் ஆகும்போதுதான் அது பாதி வேகத்தை அடைகிறது. வெறும் வயிற்றில் உடல்நலமுள்ளவரின் இரத்தத்தில் இருப்பது 5 மில்லிமோல், அதாவது ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம். ஆய்வகச் சீட்டில் நாம் காணும் அதே 90தான். ஆகவே உணவுக்குப்பின் குளுக்கோஸ் கூடக் கூட, நொதியின் வேகமும் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போக இடம் இருக்கிறது. குளுக்கோகைனேஸைப் பீட்டா செல்லின் 'குளுக்கோஸ் உணரி' என்று அழைப்பது இதனால்தான்.

எரிந்த குளுக்கோஸிலிருந்து மைட்டோகாண்ட்ரியாக்கள் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. இப்போது சவ்வில் உள்ள வேறொரு கால்வாய் இதில் பங்கேற்கிறது. ஏ.டி.பி. உணர் பொட்டாசியம் கால்வாய் என்பது அதன் பெயர். அது எட்டுப் புரதத் துண்டுகளால் ஆனது: துளையை அமைக்கும் கிர் 6.2 நான்கு, அதைச் சூழ்ந்து கட்டுப்படுத்தும் சர் 1 நான்கு. குளுக்கோஸ் குறைவாக உள்ளபோது இக்கால்வாய்களில் போதிய எண்ணிக்கை திறந்தே இருக்கும். நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் அயனிகள் அவற்றின் வழியே கசிந்து வெளியேறுவதால், செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். இதுவே ஓய்வுநிலை மின்னழுத்தம். ஏ.டி.பி. பெருகினால் அது கிர் 6.2 துண்டில் பொருந்தித் துளையை அடைக்கிறது. பொட்டாசியம் கசிவு நின்றுவிட, உள்ளே வரும் சிறிய மின்னோட்டங்கள் மேலோங்கி, உட்புறத்தின் எதிர்மின்தன்மை சிறிது சிறிதாகக் குறைகிறது. இம்முனைப்பியக்க நீக்கம் கழித்தல் 50 மில்லிவோல்ட்டை நெருங்கும்போது கால்சியம் கால்வாய்கள் திறக்கத் தொடங்குகின்றன.

இந்த வரிசை ஒரே நாளில் கண்டறியப்பட்டதன்று. 1966-இல் ஜெரால்டு குரோட்ஸ்கியும் லெஸ்லி பென்னெட்டும், எலியின் கணையத்தைத் தனியே எடுத்து அதனுள் கரைசலைச் செலுத்தியபோது, கரைசலில் கால்சியம் இல்லையென்றால் எவ்வளவு குளுக்கோஸ் கொடுத்தாலும் இன்சுலின் வருவதில்லை என்று காட்டினர். 1968-இல் டீன், மேத்யூஸ் ஆகிய இருவரும் நுண்மின்முனைகளைக் கொண்டு திட்டுச் செல்களில், நரம்பு செல்களில் தோன்றுவது போன்ற மின்துடிப்புகளைப் பதிவு செய்தனர். சுரப்பி செல்லில் மின்துடிப்பு என்பது அக்காலத்தில் வியப்பான செய்தி. ஆனால் சர்க்கரைக்கும் மின்னுக்கும் இடையிலான இணைப்பு அகப்படவில்லை. 1984-இல்தான் ஆக்ஸ்போர்டில் பிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட்டும் உடன் பணியாற்றியோரும் குளுக்கோஸ் கொடுத்தால் மூடிக்கொள்ளும் பொட்டாசியம் கால்வாயைக் கண்டனர்; அதே ஆண்டில் குக், ஹேல்ஸ் ஆகியோர் ஏ.டி.பி. அத்தகைய கால்வாயை மூடுவதைக் காட்டினர். 1995-இல் அக்கால்வாயின் இரு புரதங்களுக்கும் உரிய மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன.

கால்சியம் கால்வாயின் அமைப்பு

கால்சியம் கால்வாயின் முதன்மைத் துண்டு ஆல்ஃபா 1 எனப்படும் பெரிய புரதம். அது சவ்வின் குறுக்காக இருபத்து நான்கு முறை ஊடுருவிச் செல்கிறது. ஆறு ஆறாக நான்கு தொகுதிகளாக அவை அமைந்து நடுவில் ஒரு துளையை விட்டு வைக்கின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் நான்காவது ஊடுருவல் துண்டில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாக உள்ளன. செல்லின் உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்வரை இவை உள்நோக்கி இழுபட்டுக் கிடக்கும். எதிர்மின்தன்மை குறைந்ததும் வெளிப்புறமாக நகரும். அந்நகர்வே கதவைத் திறக்கிறது. பீட்டா, ஆல்ஃபா 2 டெல்ட்டா என்னும் துணைத் துண்டுகள் கால்வாய் சவ்வை வந்தடையவும், சரியான அளவில் திறக்கவும் உதவுகின்றன.

செல்லுக்கு வெளியே கால்சியத்தைவிட நூறு மடங்குக்கும் அதிகமாகச் சோடியம் உள்ளது. இரு அயனிகளின் உருவளவும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியிருந்தும் இத்துளை வழியே நுழைவது கால்சியம். துளையின் குறுகிய இடத்தில் நான்கு குளுட்டாமிக் அமிலங்கள் எதிர்மின்னூட்டத்துடன் வளையம்போல் நிற்பதே இதற்குக் காரணம். இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் அங்கே இறுக்கமாகப் பற்றிக்கொண்டு, ஒற்றை மின்னூட்டச் சோடியத்துக்கு வழிவிடுவதில்லை. அடுத்து வரும் கால்சியம் முன்னதைத் தள்ளி உள்ளே அனுப்புகிறது.

பீட்டா செல்களில் இக்கால்வாய்களின் பல வகைகள் உள்ளன. டி வகைக் கால்வாய்கள் ஏறத்தாழ கழித்தல் 60 மில்லிவோல்ட்டிலேயே திறந்து, விரைவில் ஓய்ந்துவிடுகின்றன. மின்துடிப்பைத் தொடங்கிவைப்பது இவற்றின் பங்கு. எல் வகைக் கால்வாய்கள் அதற்கடுத்துத் திறந்து நெடுநேரம் நிற்பவை. இவற்றுள் கேவ் 1.2, கேவ் 1.3 என இரண்டு உண்டு. பி/கியூ வகை இன்னும் அதிக மின்னழுத்த மாற்றத்தை வேண்டுவது. சுண்டெலியின் பீட்டா செல்லில் கேவ் 1.2 முதன்மையானது. மனித செல்லிலோ கேவ் 1.3-இன் அளவு மிகுதி. பி/கியூ வகையும் இன்சுலின் வெளியேற்றத்தோடு நெருங்கிப் பிணைந்துள்ளது. மனித செல்லில் சோடியம் கால்வாய்களும் மின்துடிப்பில் சேர்ந்துகொள்கின்றன. எனவே எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தாது. பல பாடநூல் படங்கள் எலியின் செல்லையே மனித செல் என வரைந்துவிடுகின்றன.

கால்சியம் நுழைந்த பின்

ஓய்வில் உள்ள பீட்டா செல்லின் திரவத்தில், பிணைப்பின்றி இருக்கும் கால்சியத்தின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோமோல் மட்டுமே. வெளியில் இருப்பதோ 1 மில்லிமோலுக்கும் மேல். உள்ளுக்கும் வெளிக்கும் பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. செல்கள் ஏன் இவ்வளவு ஆற்றலைச் செலவிட்டுக் கால்சியத்தை வெளியே தள்ளி வைக்கின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. உட்புறம் ஏறத்தாழ வெறுமையாக இருப்பதால், சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் அது தெளிவான குறிப்பாகிவிடுகிறது. ஏற்கெனவே சத்தமாக உள்ள சந்தையில் கைதட்டினால் யாருக்கும் கேட்காது; நள்ளிரவில் தட்டினால் தெருவே விழித்துக்கொள்ளும்.

திறந்த கால்வாயின் வாயருகில் கால்சியத்தின் செறிவு, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள், பத்து மைக்ரோமோலையும் தாண்டி உயர்கிறது. சற்றுத் தள்ளினாலே அது விரைவாகத் தேய்ந்துவிடும். ஏரியின் மதகைத் திறந்தால் மதகடியில் உள்ள வயல் உடனே நிறைவதும், கடைமடைக்குத் தண்ணீர் மெதுவாகவும் குறைவாகவும் வருவதும் போன்றது இது. எனவே நுண்பை கால்வாய்க்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது வெடிக்குமா, காத்திருக்குமா என்பது அமைகிறது. வெளியேறத் தயாரான நுண்பைகள் கால்வாய்களுடன் ஒட்டினாற்போல் நிற்பதற்கு, சின்டாக்சின் முதலிய புரதங்கள் கால்வாயின் உட்பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

நுண்பையின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றாக இணைவதற்கு ஸ்னேர் புரதங்கள் தேவை. நுண்பையின் மேலுள்ள ஒரு புரதமும், செல் சவ்விலுள்ள சின்டாக்சின், ஸ்னாப் 25 என்ற இரண்டும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் நெருங்க வைக்கின்றன. ஆனால் கடைசி இணைப்பு கால்சியத்துக்காகக் காத்திருக்கும். சினாப்டோடாக்மின் என்ற புரதம் கால்சியத்தைப் பற்றியதும் அத்தடை நீங்கி, சவ்வுகள் ஒன்றாகி, நுண்பை வெளிப்புறமாகத் திறந்து கொள்கிறது. வெளியே வந்த இன்சுலின் படிகம் கரைந்து இரத்த நுண்குழாயில் சேர்கிறது. நரம்பு முனையில் வேதித்தூதுவர்கள் வெளிவருவதும் ஏறக்குறைய இதே கருவிகளைக் கொண்டுதான். நுண்பைப் போக்குவரத்தின் விதிகளைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடோஃப் ஆகிய மூவரும் 2013-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

இரு கட்டச் சுரப்பு

குளுக்கோஸைத் திடீரென உயர்த்தினால் இன்சுலின் ஒரே சீராக வருவதில்லை. முதல் சில நிமிடங்களில் கூர்மையாக ஓர் எழுச்சி. 10 நிமிடங்களுக்குள் அது தணிகிறது. பின்னர் மெதுவான, நீடித்த இரண்டாம் கட்டம் தொடர்கிறது. முதற்கட்டத்தில் வெளிவருபவற்றில் கால்வாய்க்கு அருகே ஏற்கெனவே அணிவகுத்து நிற்கும் சிறு எண்ணிக்கையிலான நுண்பைகளின் பங்கு பெரிது. இரண்டாம் கட்டத்துக்கு உள்ளிருந்து நுண்பைகள் சவ்வை நோக்கி வரவேண்டும். அதற்கு ஆற்றலும் நேரமும் தேவை. பீட்டா செல்லில் மட்டும் கேவ் 1.2 நீக்கப்பட்ட சுண்டெலிகளில் முதற்கட்டம் பெருமளவு மறைந்துபோனது. கேவ் 2.3 என்ற ஆர் வகைக் கால்வாய் நீக்கப்பட்டவற்றில் இரண்டாம் கட்டம் குன்றியது. ஒரே கால்சியம்தான் என்றாலும், அது எந்தக் கதவின் வழியாக வந்தது என்பது செல்லுக்குத் தெரிகிறது.

இரண்டாம் வகை நீரிழிவு நோயில் முதலில் கெடுபவற்றுள் ஒன்று இந்த முதற்கட்ட எழுச்சி. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பின் பார்க்கும் சர்க்கரை அளவு, வெறும் வயிற்று அளவுக்கு முன்பே சிலரிடம் உயர்ந்துவிடுவதற்கு இதுவும் காரணமாகிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்றோரின் பீட்டா செல்களில் கால்சியம் கால்வாய்கள் நுண்பைகளின் அருகே திரள்வது குலைந்திருப்பதைக் கண்டனர். கால்வாயும் உண்டு, இன்சுலினும் உண்டு. இரண்டும் பக்கத்தில் இல்லை.

சுரப்பு அலை அலையாகவும் நடக்கிறது. திட்டில் உள்ள பீட்டா செல்கள் கொனெக்சின் 36 என்ற புரதத்தாலான இணைப்புத் துளைகளால் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டவை. அதனால் பல செல்கள் சேர்ந்தே துடிக்கின்றன, சேர்ந்தே ஓய்கின்றன. மனிதரின் இரத்தத்தில் இன்சுலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதில் இதன் பிரதிபலிப்பைக் காணலாம்.

தூண்டுவனவும் தடுப்பனவும்

கால்சியம் சுரப்பைத் தொடங்கி வைக்கிறது. அதன் அளவைப் பெருக்குவதற்கு வேறு வழிகள் உண்டு. உணவு குடலை அடைந்ததும் அங்கிருந்து வெளிவரும் ஜி.எல்.பி. 1 என்ற ஹார்மோன், பீட்டா செல்லினுள் வட்ட ஏ.எம்.பி. என்ற பொருளைக் கூட்டி, அதே அளவு கால்சியத்துக்கு அதிக நுண்பைகள் வெளிவரச் செய்கிறது. குளுக்கோஸை ஊசி வழியாக ஏற்றுவதைக் காட்டிலும் வாய்வழி உண்ணும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரப்பது இதனால்தான். கணையத்துக்கு வரும் நரம்புகளின் அசிட்டைல்கோலின், செல்லின் உள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும் கால்சியத்தை விடுவிக்கிறது. எதிர்த்திசையில், அச்சத்திலும் கடும் உழைப்பிலும் வெளிப்படும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள், கால்சியம் கால்வாய்களைத் தணித்தும் பொட்டாசியம் வெளியேற்றத்தைக் கூட்டியும் இன்சுலினை நிறுத்தி வைக்கின்றன. ஓடவேண்டிய நேரத்தில் சர்க்கரையைக் கல்லீரலிலும் கொழுப்பிலும் சேமித்து வைத்தால் உடலுக்கு உதவாது.

குறிப்பு முடிந்ததும் உள்ளே வந்த கால்சியத்தை அகற்றியாக வேண்டும். ஒரு பகுதி எண்டோபிளாச வலைக்குள் இறைக்கப்படுகிறது. ஒரு பகுதி சவ்விலுள்ள இறைப்பிகளால் வெளியே தள்ளப்படுகிறது. சிறிது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று அங்கே எரிதலை விரைவுபடுத்துகிறது. நீண்ட நாட்கள் இரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருந்து, கால்சியம் இடைவிடாமல் நுழைந்துகொண்டிருந்தால் பீட்டா செல்லே சோர்ந்து அழியவும் கூடும்.

மரபணுக் கோளாறுகள்

பிறந்து ஆறு மாதங்களுக்குள் சில குழந்தைகளுக்கு நீரிழிவு நோய் தோன்றுவது உண்டு. இவர்களும் முதல் வகை நீரிழிவு நோயாளிகளே என்று கருதி வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசி போடுவதே முன்னர் வழக்கம். 2004-இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லி தலைமையிலான குழுவினரும் ஆஷ்கிராஃப்ட்டும், இவர்களில் பலருக்கு கிர் 6.2 புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டறிந்தனர். ஏ.டி.பி. எவ்வளவு பெருகினாலும் இவர்களின் பொட்டாசியம் கால்வாய் சரியாக மூடுவதில்லை. செல்லின் உட்புறம் எதிர்மின் நிலையிலேயே தங்கிவிடுவதால் கால்சியம் கால்வாய்கள் திறக்க வாய்ப்பே கிட்டுவதில்லை. கால்சியம் கால்வாய்களில் குறையில்லை. நுண்பைகளில் இன்சுலினும் இருக்கிறது.

அடைபடாத அக்கால்வாயை வேறு வழியில் அடைக்க முடிந்தால் போதும் என்பதே இதிலிருந்து பிறந்த எண்ணம். அதற்கான மருந்து புதிதாகத் தேட வேண்டியதாக இருக்கவில்லை. சல்ஃபோனில்யூரியா என்னும் பழைய மாத்திரைகள் சர் 1 துண்டில் பொருந்திக் கால்வாயை மூடுபவை. 2006-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பிழை கொண்ட 49 பேருக்கு இம்மாத்திரை தரப்பட்டது. அவர்களில் 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றிலும் நிறுத்த முடிந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடும் முன்னைவிட மேம்பட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நீரிழிவு கண்டறியப்பட்டால் மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்று இன்று வலியுறுத்தப்படுவது இதனால்தான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்தியக் குழந்தைகளில் இம்மரபணுக்களை ஆராய்ந்து வந்துள்ளது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பொட்டாசியம் கால்வாய் எப்போதும் மூடியே இருந்தால், கால்சியம் கால்வாய்கள் காரணமின்றித் திறந்து, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும்போதும் இன்சுலின் வந்துகொண்டேயிருக்கும். பிறவி இன்சுலின் மிகைச் சுரப்பு எனப்படும் இந்நிலையில் குழந்தையின் மூளை பாதிக்கப்படலாம். டயசாக்சைடு என்ற மருந்து பொட்டாசியம் கால்வாயைத் திறந்து வைத்து இதைத் தணிக்கிறது. கால்வாயே உருவாகாத குழந்தைகளில் அது பயன்தராது. மிக அரிதாக, கேவ் 1.3 கால்சியம் கால்வாயின் மரபணுவே மாறி, அது எளிதில் திறக்கும் தன்மை பெற்றுவிடுவதாலும் இன்சுலின் மிகைச் சுரப்பு ஏற்பட்டதாக அறியப்பட்டுள்ளது. அக்குழந்தைகளுக்கு இதயம், நரம்பு மண்டலம் தொடர்பான சிக்கல்களும் காணப்பட்டன.

மருந்துகள்

சல்ஃபோனில்யூரியாக்களின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்பான் என்ற மருத்துவர், குடற்காய்ச்சல் நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்தது. அதே நகரின் அகுஸ்ட் லூபாட்டியேர், கணையம் அகற்றப்பட்ட விலங்குகளில் இவ்விளைவு தோன்றுவதில்லை என்பதைக் காட்டி, மருந்து கணையத்தின் வழியாகவே செயற்படுகிறது என்று நிறுவினார். கால்வாய் என்ற கருத்து இதில் சேர்வதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டில் இன்றும் பரவலாக வழங்கப்படுபவை. இவை குளுக்கோஸ் எரிவதற்காகக் காத்திருப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை குறைவாக உள்ளபோதும் பொட்டாசியம் கால்வாயை மூடிக் கால்சியத்தை உள்ளே விடுகின்றன. மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போடும் முதியவருக்கு வியர்வை, நடுக்கம், மயக்கம் வருவதன் பின்னணி இதுவே. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, குறிப்பாகக் கிளிபென்கிளமைடு உடலில் நெடுநேரம் தங்குவதால், இந்த அபாயம் கூடுதல். ஜி.எல்.பி. 1 வகை மருந்துகள் கால்சியம் நுழைந்த பின்பே பெருக்கும் வேலையைச் செய்வதால், தனியே பயன்படுத்தும்போது தாழ்சர்க்கரை ஏற்படுவது குறைவு.

அம்லோடிபின், நிஃபெடிபின், டில்டியாசம், வெராபமில் ஆகிய இரத்த அழுத்த மருந்துகள் எல் வகைக் கால்சியம் கால்வாய்களைத் தடுப்பவை. பீட்டா செல்லிலும் அதே வகைக் கால்வாய் இருப்பதால், இவை சர்க்கரையைக் கூட்டிவிடுமோ என்ற ஐயம் பலருக்கும் எழும். வழக்கமான அளவில் அத்தகைய விளைவு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. இரத்தக் குழாய்த் தசையிலுள்ள கால்வாயை அடைக்கப் போதுமான மருந்து, பீட்டா செல்லின் கால்வாய்களை அந்த அளவுக்கு அடைப்பதில்லை; மனித பீட்டா செல்லுக்கு வேறு வகைக் கால்வாய்களும் துணையுண்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்தவர்களுக்கு இம்மருந்துகள் ஏற்கத்தக்கவை என்பதே மருத்துவ வழக்கு. இக்காரணத்துக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்தை அழைப்பதாகும். ஆனால் அளவுக்கு மிஞ்சி உட்கொண்டு நஞ்சானால் நிலைமை வேறு. அப்போது இன்சுலின் சுரப்பு முடங்கி இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கொண்டே நஞ்சின் கடுமையை மருத்துவர்கள் ஓரளவு மதிப்பிடுகின்றனர். குளுக்கோஸுடன் சேர்த்து மிக அதிக அளவில் இன்சுலின் செலுத்துவது இந்நஞ்சுக்கான சிகிச்சைகளில் ஒன்று.

இதே வெராபமில் இப்போது எதிர்பாராத இடத்தில் ஆராயப்படுகிறது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனத் ஷலேவின் குழு, உயர்ந்த குளுக்கோஸால் பீட்டா செல்லில் டிக்ஸ்நிப் என்ற புரதம் பெருகிச் செல்லின் அழிவுக்கு வழிவகுப்பதையும், உள்ளே வரும் கால்சியத்தைக் குறைத்தால் அப்புரதமும் குறைவதையும் கண்டது. முதல் வகை நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சிறிய சோதனையில், வெராபமில் எடுத்தவர்களுக்குச் சொந்த இன்சுலின் சுரப்பு கூடுதலாக எஞ்சியது. 2023-இல், 7 முதல் 17 வயது வரையிலான 88 பேரிடம் நடந்த வேறொரு சோதனையில், ஓராண்டு முடிவில் வெராபமில் பெற்றவர்களின் சி-பெப்டைடு அளவு மற்றவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக இருந்தது. சி-பெப்டைடு என்பது உடல் தானே சுரந்த இன்சுலினை அளக்கும் குறியீடு. கதவைச் சற்று ஒருக்களித்து வைப்பதால் கிடங்கு நீண்ட நாள் தாங்கும் என்பது போன்ற இம்முடிவு நம்பிக்கை தருவதே. எனினும் வெராபமில் இன்னும் நீரிழிவுக்கான அங்கீகரிக்கப்பட்ட மருந்தன்று. இன்சுலின் ஊசிக்கு மாற்றும் அன்று.

உணவிலுள்ள கால்சியம்

'இன்சுலின் சுரக்கக் கால்சியம் வேண்டும்' என்பதைக் கேட்டுவிட்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ கேழ்வரகோ மிகுதியாக உட்கொண்டால் சர்க்கரை குறையும் என்று கருதுவோர் உண்டு. இரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. உணவில் கூடினாலும் குறைந்தாலும் எலும்பும் சிறுநீரகமும் அதை ஈடுசெய்துவிடும். பீட்டா செல்லின் வாசலில் கால்சியம் எப்போதும் தேவைக்கு மிஞ்சியே காத்திருக்கிறது. அது உள்ளே வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது சவ்வின் மின்னழுத்தமே. பாராதைராய்டு சுரப்பிகள் பழுதுபட்டு இரத்தக் கால்சியம் கடுமையாகத் தாழ்ந்த நோயாளிகளிடம் மட்டும் இன்சுலின் சுரப்பும் குன்றக்கூடும். அவர்களுக்குக் கால்சியத்தைச் சரிசெய்வது முதலில் தசை இழுப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் தடுப்பதற்காகவே செய்யப்படுகிறது.